துரை திருகிக் குறைத்த பிரேக்

மலாயாவில், பகாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரச் சின்னதுரைக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது டிரைவர் இராஜமாணிக்கத்தின் தீர்மானம். ஸ்டீயரிங்கைப் பிடிப்பது வேறு, ஓட்டுவது வேறு. அதுவும் ஊர் திரும்பிய ஓர் அமெரிக்க எஞ்சினியரிடம் வாங்கிய கேரவனை, நாலு பேர் படுக்கிற அந்தத் தகரவீட்டை, காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு சி ரூசா கடற்கரைக்கு உல்லாசம் போகிற காலமா அது? ஐம்பத்தைந்தாம் வருஷம். காட்டில் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் ராணுவம்.

கேரவன் சக்கரங்களுக்குத் தனியாகக் கரண்டு பிரேக் இருந்தது. காரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே அதற்கு ஒரு கைப்பிடி, பக்கத்தில் ஒரு திருகு. கால் பிரேக்கை மிதித்தால் காரோடு கேரவனும் பிடிக்கும். கைப்பிடியை இழுத்தால் கேரவன் மட்டும் பிடிக்கும். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது திருகில் இருக்கிறது. இராஜமாணிக்கம் இரண்டு நாள் மல்லாந்து கிடந்து ஒயர் கட்டினான். திடலில் ஓட்டிப் பார்த்துப் பார்த்து, சக்கரம் இறுகி இழுபடாத அளவில் திருகை வைத்தான்.

கிளம்பின காலையில், பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகும் பெண்களை எஸ்டேட் கேட்டில் சிப்பாய்கள் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வள்ளிநாயகி மடியில் வைத்திருந்த ஒரு பிடிச் சோற்றை மண்ணில் கொட்டினார்கள். காட்டுக்காரனுக்குக் கொடுத்துவிடுவாளாம். டின் டின்னாகச் சாப்பாடு அடைத்த கேரவனுக்கு சல்யூட் அடித்து வழி விட்டார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த துரை புன்னகைத்தார். அந்தப் பல்லைப் பார்க்கப் பிடிக்காமல் இராஜமாணிக்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

குவாலா பிலாவில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. துரை பிரேக் போட, கையிலிருந்த டீ மடியில் கொட்டியது. கேரவன் வெடுக்கென்று இழுத்ததுதான் குற்றம் என்று அவர் திருகை முழுக்கக் குறைத்தார்.

"அதெ தொடாதீங்க தொரை. முன்னால மலை எறக்கம் இருக்கு."

"நீ சும்மா இரு. என் வண்டி, எனக்குத் தெரியும்."

அதட்டுகிற அளவுக்கு மட்டும் தமிழ் படித்திருந்தார்.

புக்கிட் புத்துஸ் மலை இறக்கத்தில், இரண்டாவது வளைவிலேயே கேரவன் காரைப் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கியது. வால் இடமும் வலமும் ஆடியது. துரை கால் பிரேக்கை அழுத்தினார். கார் வேகம் தளர்ந்தது, கேரவன் தளரவில்லை. ஆட்டம் இன்னும் கூடியது. ஒரு பக்கம் பள்ளம். துரையின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"கால எடுங்க."

எடுக்கவில்லை. இராஜமாணிக்கம் அவர் முழங்காலில் ஓங்கி ஒரு குத்து விட்டான். கால் விலகியது. சாய்ந்து திருகைக் கூட்டினான், கைப்பிடியை மெல்ல மெல்ல இழுத்தான். கயிறு கட்டிப் பின்னால் பிடித்த மாதிரி கேரவன் ஆட்டம் நின்று நிதானித்து, நேர்கோட்டுக்கு வந்தது.

அடிவாரத்து ராணுவத் தடுப்பில், வண்டி ஆடி வந்ததைப் பார்த்த ஆபீசர் என்னவென்று கேட்டார். "என் டிரைவர் பயந்து குழப்பிவிட்டான். நான்தான் சமாளித்தேன்" என்று துரை இங்கிலீஷில் சொன்னார். அந்த அளவு இங்கிலீஷ் இராஜமாணிக்கத்துக்குப் புரியும். முகத்தில் ரத்தம் திரும்புவதற்குள் பொய் வந்துவிட்டதே என்று நினைத்தான். கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

தடுப்பு தாண்டியதும் துரை வண்டியை ஓரங்கட்டினார்.

"அந்தப் பிடி... எப்படி செய்தாய்? எனக்குக் காட்டு."

"எனக்கென்னா தெரியும் தொரை. பயத்துல கை பட்டுருச்சுலா."

துரை இறங்கிச் சுற்றி வந்து, இடப்பக்க இருக்கையின் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

சி ரூசா வரைக்கும் இராஜமாணிக்கம்தான் ஓட்டினான். திங்கட்கிழமை திரும்பும்போதும் அவன்தான். இறக்கம் வந்த இடத்திலெல்லாம் துரை அவன் கையைப் பார்க்கக் கழுத்தை நீட்டினார். அவன் தோளைக் கொஞ்சம் திருப்பி மறைத்துக்கொண்டான்.