மேயர் வீட்டுத் தெரு

போர்ட் காரிக் ஊரில் ஒரு மேயரைக் கவிழ்க்க ஊழல் வேண்டியதில்லை, ஒரு பெரிய பனிப்பொழிவு போதும். ஆல்வின் பெட்ராஷுக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் போனார். ஏரியிலிருந்து வந்த புயல் ஊரையே இடுப்பளவு புதைத்திருந்தபோது அவர் வீட்டுத் தெரு மட்டும் காலைக் காப்பிக்குள் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. பழைய எஃகு ஆலைக்குக் கீழே பள்ளத்தில் குடியிருப்பவர்களோ நாள்கணக்கில் வாசல் கதவைத் திறக்க முடியாமல் கிடந்தார்கள். அடுத்த தேர்தலில் பள்ளத்துக்காரர்கள் மொத்தமாகத் திரண்டு வந்து அவரை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

எதிர்த்து நின்றவர் ஆல்வின். ஆலையில் குழாய் பொருத்திக்கொண்டிருந்தவர். ஆலையை மூடியதும் நகர சபை உறுப்பினரானவர். மேடைப் பேச்சு சுத்தமாக வராது. மைக்கைப் பிடித்து அவர் உருப்படியாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஊர்ல எல்லாத் தெருவும் முடிஞ்சப்புறம்தான் என் தெருவுக்குப் பனி வார்ற வண்டி வரும்." கூட்டம் கைதட்டி ஓய வெகுநேரமாயிற்று. மேடை ஓரத்தில் நின்ற அவர் மனைவி வெர்னா மட்டும் கைதட்டவில்லை. அந்தத் தெருவில்தானே அவளும் குடியிருந்தாள்.

சொன்ன சொல்லை மனுஷர் பிடிவாதமாகக் காப்பாற்றினார். நான்கு முறை தொடர்ந்து ஜெயித்தார். ஊரின் பழைய ஈயத் தண்ணீர்க் குழாய்களை மாற்றியபோது பள்ளத்தில் ஆரம்பித்து, பணக்காரர்கள் இருக்கும் மேட்டுக்குக் கடைசியில் போனார். ஆலை நிலத்தைச் சூதாட்ட விடுதிக்குக் கேட்டு வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து, வாசல் வரை வந்து வெறுங்கையோடு வழியனுப்பினார். யார் வீட்டில் சாவு என்றாலும் அவர் தலை தெரியும். நோன்புக்கால வெள்ளிக்கிழமைகளில் தேவாலயத்தில் மீன் வறுத்து விற்கும்போது மற்ற அரசியல்வாதிகள் மேசை மேசையாகக் கைகுலுக்கிப் போவார்கள். இவர் பின்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட ஒருவரோடு குடும்பம் நடத்துவது லேசான காரியமில்லை என்பது வெர்னாவுக்குத்தான் தெரியும். ஆனாலும் அவர் பெயரைச் சொன்னால் அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

அவர் குடியிருந்த லார்ச் தெருவாசிகளுக்கு அந்தப் பெருமையெல்லாம் இல்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஊர் முழுக்க வண்டிகள் ஓடிக்கொண்டிருக்க, இவர்கள் மட்டும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். எதிர்வீட்டு ஓபல் கெயின்ஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

"மேயர் ஐயா, நீங்க எப்ப தோக்கப் போறீங்க?" என்று வாசலில் நின்றே கேட்பாள்.

"ஏன், நீதானே எனக்கு ஓட்டுப் போடுற?"

"போடுறேன், என் தலையெழுத்து. வேற தெருவுக்குக் குடி போனீங்கன்னா இன்னும் சந்தோஷமாப் போடுவேன்."

பதினாறு வருஷத்தில் ஆல்வின் தோற்றது ஒரே ஒரு தடவை, அதுவும் ஓபலிடம். அந்த ஊரில் பனியை வாரி காருக்கு இடம் பண்ணியவர்கள், காரை எடுத்துக்கொண்டு போகும்போது அந்த இடத்தில் ஒரு சமையலறை நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதை யாரும் தொடமாட்டார்கள். போலீஸ்காரரும் தொடமாட்டார், பாதிரியாரும் தொடமாட்டார். தெரு பொதுச்சொத்து, நாற்காலி போடக்கூடாது என்று ஆல்வின் முதல் வருஷமே சட்டம் கொண்டுவரப் பார்த்தார். ஓபல் தன் சிவப்பு நாற்காலியை நகர சபைக்கே தூக்கி வந்து நட்டநடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "எடுங்க பாப்போம்" என்றாள். அவர் கட்சிக்காரர்கள்கூட எடுக்கத் துணியவில்லை. சட்டம் அன்றோடு செத்தது.

அந்தப் பிப்ரவரியில் புயல் ராத்திரியெல்லாம் அடித்து விடிந்தபோதுதான் நின்றது. ஆல்வின் வாசற்படிப் பனியை வாரிவிட்டு உள்ளே வந்தவர் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. இடது கையைப் பிசைந்துகொண்டே, "ஒண்ணும் இல்ல, காப்பி குடு" என்றார். வெர்னா உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

வண்டி வந்தது. வந்து பெரிய சாலை முனையிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து தெருவின் கடைசியில் இருந்த அவர்கள் வீடு வரை இடுப்பளவுப் பனி. சிவப்பு விளக்கு சுற்றுவது ஜன்னலிலிருந்து தெரிந்தது, அவ்வளவுதான். இரண்டு ஊழியர்கள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

வெர்னா மறுபடி போனை எடுத்தாள். ஆல்வின் தலையை ஆட்டினார். "லாயிடைக் கூப்பிடாத."

லாயிட் பொதுப்பணித்துறையின் தலைவர். பனி வண்டிகள் எல்லாம் அவர் கையில்.

"வாயை மூடு ஆல்வின்" என்றாள் வெர்னா. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் அப்படிப் பேசியதில்லை.

"வண்டியெல்லாம் பள்ளத்துல நிக்குது மேடம்" என்றார் லாயிட். பிறகு விஷயம் புரிந்து குரல் மாறியது. "இதோ, ஒண்ணைத் திருப்பி அனுப்புறேன். எங்களுக்கு அவரைவிட என்ன இருக்கு?"

ஆல்வின் கண்ணை மூடிக்கொண்டார். வலியாலா, அவள் பேசியது கேட்டதாலா என்று தெரியவில்லை. அவருடைய சொல்லை அவளே முறித்துவிட்டாள். அவர் பிழைத்து எழுந்தால் அதைப் பற்றிக் கேட்பார். கேட்கட்டும், கேட்க ஆள் இருந்தால் போதும் என்று நினைத்தாள்.

வெளியே சத்தம் கேட்டது. ஓபல் ராத்திரி உடுப்பின்மேல் கோட்டை மாட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். "எல்லாரும் வெளியில வாங்க. அந்த மனுஷனுக்கு என்னமோ ஆயிடுச்சு." கதவு கதவாகத் திறந்தது. அவரைக் காணும்போதெல்லாம் முணுமுணுத்த அத்தனை பேரும் பனிவாரியோடு இறங்கினார்கள். அவரவர் வாசலிலிருந்து அடுத்த வாசல் வரை என்று பேசாமலே பங்கு பிரித்துக்கொண்டார்கள். பதினாறு குளிர்காலமாகத் தாங்களே வாரிப் பழகிய கைகள் அவை. ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்குத் தெரு பிளந்துகொண்டே போனது.

ஆம்புலன்ஸிலிருந்து இறக்கிய ஸ்ட்ரெச்சர் அந்தக் குறுகிய வழியில் நுழையவில்லை. ஓபல் வீட்டுக்கு ஓடிப்போய், தன் காருக்கு இடம் பிடிக்கும் அந்தச் சிவப்பு நாற்காலியைத் தூக்கி வந்தாள்.

"உக்காருங்க மேயர் ஐயா. தடை பண்ணப் பாத்தீங்களே, அதே நாற்காலி."

ஆல்வின் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒரு கால் ஆடுது" என்றார்.

"அப்படியே கெட்டியாப் பிடிச்சுக்குங்க. பேசாதீங்க."

ஆம்புலன்ஸ் ஊழியர்கள் இருவரும் நாற்காலியோடு அவரை முன்னும் பின்னுமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெர்னா பின்னாலேயே விழுந்தடித்து நடந்தாள். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகுதான் பனி வண்டி ஆரஞ்சு விளக்கோடு வந்து சேர்ந்தது. ஓட்டுநர் டெல்பர்ட் சின்ன வயசில் ஓபலின் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவன்.

"மிஸ் ஓபல், தள்ளிக்குங்க. தெருவை எடுத்துடறேன்."

"பள்ளம் முடிஞ்சுதா?"

"பாதிதான் ஆச்சு. லாயிட்தான் இங்க வரச் சொன்னாரு."

"அவர் ஏறியாச்சு. நீ போய் பள்ளத்தை முடி."

"வந்தது வந்துட்டேன். ரெண்டு இழுப்புல முடிஞ்சிரும்."

ஓபல் அந்த நாற்காலியைத் தெருவின் வாயில், வண்டியின் பெரிய இரும்புத் தகட்டுக்கு நேர் முன்னால் போட்டாள். "டேய் டெல்பர்ட், அந்த வாக்கை அவர் ஒருத்தர்தான் காப்பாத்தினார்னு நெனச்சியா? இத்தனை வருஷம் பனியில கெடந்தது நாங்க. இன்னைக்கு நீ வந்து கெடுக்காத."

டெல்பர்ட் நாற்காலியைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அதே ஊரில் வளர்ந்தவன். வண்டியைப் பின்னால் எடுத்தான். ஆம்புலன்ஸ் கதவு மூடுவதற்குள் வெர்னா இவ்வளவையும் பார்த்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் மத்தியானம் ஆல்வின் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கண் விழித்தார். பிழைத்துவிட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனிமேல் மேயர் வேலை வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அதை வெர்னா பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.

"நம்ம தெருவுக்கு வண்டி வந்துச்சா?" என்றார். முதல் பேச்சே அதுதான்.

"நான்தான் கூப்பிட்டேன்."

"தெரியும்."

"மறுபடி இப்படி ஆனாலும் கூப்பிடுவேன்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"வந்துச்சு, ஆனா உள்ள போகல" என்றாள் வெர்னா. "ஓபல் நாற்காலியைப் போட்டுட்டா. பள்ளத்தை முடின்னு திருப்பி அனுப்பிட்டா."

ஆல்வினின் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை தூக்க முடியவில்லை. வெர்னா துடைத்துவிட்டாள்.

"இப்ப எடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல. மேட்டுல ரெண்டு தெரு பாக்கியாம். ஓபல் போன்ல சொன்னா, எங்க தெரு கடைசிதான், அவசரமில்லன்னு."

"எங்க தெருன்னா சொன்னா?"

"ஆமா" என்றாள் வெர்னா. "எங்க தெருன்னுதான் சொன்னா."