இரண்டு நாள் முன்னதாக

லண்டனில் பாதிப் பேர் அந்த வருஷம் லெட்டிக்காக அழுதுகொண்டிருந்தார்கள். லெட்டி ஒரு தையல்காரி. சீமாட்டிகளின் நடன உடுப்புகளுக்காக விடிய விடிய ஊசி பிடித்துக் கண் மங்கிப்போனவள். அப்படி ஒருத்தி உலகத்தில் பிறக்கவே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கறிக்கடைக்காரன் பெண்டாட்டி அவளுக்காக ஜெபம் பண்ணினாள். மாதாமாதம் ஒரு ஷில்லிங்குக்கு, பச்சை அட்டை போட்டு முப்பத்திரண்டு பக்கம் வரும் தொடர்கதை அது. எழுதியவர் திரு. ஆம்ப்ரோஸ் ஃபென்விக். ஏழைகளின் கஷ்டத்தை அவரைப்போல எழுத ஆளில்லை என்று பத்திரிகைகள் எழுதின. அது உண்மைதான்.

அந்த முப்பத்திரண்டு பக்கங்களை மடித்தவர்களில் ஒருத்தி கெசையா டல்லெட். பார்கெட் என்பவரின் பைண்டிங் கடையில் மடிப்புக் கூடத்துக்கு அவள்தான் மேஸ்திரி. அச்சகத்திலிருந்து பெரிய பெரிய தாள்களாக வரும். எலும்புக்கோலால் நீவி நீவிப் பதினாறு பக்கமாக மடிக்க வேண்டும். மாதத்தின் கடைசி நாள் காலையில் புத்தகக்கடை ஆட்கள் சாக்குகளோடு வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். அந்த நாள் ஒருபோதும் தள்ளிப்போகாது. ஃபென்விக் துரையின் கையெழுத்துப் பிரதிதான் தள்ளித் தள்ளிப் போகும். இருபதாம் தேதி அச்சகத்துக்குப் போக வேண்டியது இருபத்தாறுக்குத்தான் போகும். அவர் அங்கே இழுத்தடித்த ஒவ்வொரு நாளையும் இங்கே இருபது பெண்கள் தங்கள் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். கதையோடு சேர்த்துத் தைக்கிற சோப்பு விளம்பரமும் இருமல் மிட்டாய் விளம்பரமும் பத்து நாள் முன்பே வந்து, மடித்து, அடுக்கித் தயாராக இருக்கும். லெட்டி மட்டும் வரமாட்டாள்.

இந்தக் கூடத்தில்தான் டாம்சினும் இருந்தாள். இருபத்துமூன்று வயது, யாரும் இல்லாதவள். போன குளிர்காலத்தில் பிடித்த இருமல் அவளை விடவில்லை. மாதக் கடைசியில் மூன்று ராத்திரி கழிவுத்தாள் குவியலில் அரை அரை மணியாகத் தூங்கி எழுந்தால் இருமலில் ரத்தம் வரும். படிக்கத் தெரியாது. மடிக்கும்போதே கெசையா நாலு வரி படித்துச் சொல்லுவாள், அதற்காகவே உட்கார்ந்திருப்பவள்போல் கேட்பாள்.

"அக்கா, இவ்வளவு தெரிஞ்ச மனுஷனுக்கு நம்மளப் பத்தி மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?" என்று அக்டோபரில் ஒருநாள் கேட்டாள். "யாரும் சொல்லலையோ என்னவோ. நாம போய்ச் சொல்லிப் பாக்கலாமா?"

"சும்மா இருடி. வாசல்லயே வெரட்டி விட்டுருவாங்க."

"லெட்டிக்காக அப்படி உருகறாரே. ரெண்டு நாள் முன்னாடி எழுதிக் குடுங்கன்னா மாட்டேன்னா சொல்லிருவாரு?"

கெசையாவுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இன்னொரு குளிர்காலத்தை இதே மாதிரி ஓட்டினால் இந்தப் பெண் தங்காது என்பது மட்டும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் இருந்த துணியில் நல்லதை உடுத்திக்கொண்டு ஃபென்விக் துரையின் வீட்டுக்குப் போனார்கள்.

விரட்டவில்லை. அவரே இறங்கி வந்து மாடிக்கு அழைத்துப் போனார். கணப்புப் பக்கத்தில் உட்கார வைத்து, தேநீரும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் கொண்டுவரச் சொன்னார். டாம்சின் இருமியபோது அவர் முகம் வாடிப்போனது. நடிப்பில்லை. கெசையா எத்தனையோ துரைமார்களைப் பார்த்தவள், நடிப்பு என்றால் கண்டுபிடித்திருப்பாள்.

"ஒரு மணி நேரத்துல எத்தனை தாள் மடிப்பீங்க அம்மா?" என்று கேட்டார். "எங்கே படுப்பீங்க? என்ன சாப்பிடுவீங்க? இருமும்போது எப்படி இருக்கும்?"

"நெஞ்சுக்குள்ள யாரோ பழைய தாளைக் கசக்கற மாதிரி இருக்குங்கய்யா" என்றாள் டாம்சின்.

அவர் சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு ஒரு சின்ன நோட்டில் அதை எழுதிக்கொண்டார்.

கெசையா தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள். "ஐயா, நாங்க வேற எதுவும் கேக்க வரல. நீங்க எழுதறத ரெண்டே ரெண்டு நாள் முன்னாடி குடுத்தீங்கன்னா நாங்க ராத்திரி வீட்டுக்குப் போயிருவோம். இவ பொழச்சுக்குவா."

அவர் கெசையாவின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "இதுக்குக் கண்டிப்பா ஏதாவது செய்யறேன் அம்மா. சத்தியமா."

செய்தார். அவருக்குத் தெரிந்ததைச் செய்தார்.

நவம்பரில் பிரதி அச்சகத்துக்கு முன்னைவிட ஒருநாள் தாமதமாகப் போனது. இரண்டாவது தாளை மடிக்கும்போது கெசையாவின் கண்ணில் ஒரு புதுப் பெயர் பட்டது. பாலி. மடிப்புக்கூடத்தில் வேலை செய்யும் பெண். நெஞ்சுக்குள் யாரோ பழைய தாளைக் கசக்குவதுபோல் இருமுகிறவள். அவளுக்கு ஒரு முதலாளி, பேராசைக்காரன், பெண்கள் பட்டினியாக மடிக்க அவர்கள் எதிரில் உட்கார்ந்து இறைச்சித் துண்டு கடிக்கிறவன். ராத்திரியெல்லாம் வேலை வாங்குவது அவனுடைய கெட்ட புத்தியாம். தாமதமாக எழுதிக் கொடுக்கும் ஆளைப் பற்றிக் கதையில் ஒரு வார்த்தை இல்லை. கெசையா முன்னும் பின்னும் திருப்பித் தேடிப் பார்த்தாள். அப்படி ஒரு ஆள் இருப்பதே அவருக்குத் தோன்றவில்லை போலிருந்தது.

லெட்டியை மறந்துவிட்டு ஊர் பாலிக்காக அழத் தொடங்கியது. பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் குவிந்தன. டிசம்பர் நடுவில், ஏழைப் பெண்களுக்காகச் சங்கம் வைத்திருந்த சில சீமாட்டிகள் பைண்டிங் கடைகளை நேரில் பார்க்கக் கிளம்பினார்கள். பார்கெட் கதிகலங்கிப் போனார்.

"டல்லெட்டம்மா, நீங்களே சொல்லுங்க, நான் எப்ப இறைச்சி தின்னேன்?" என்று கெசையாவிடம் புலம்பினார். "இத்தனை வருஷமா உங்களோடதான் ரொட்டியும் வெங்காயமும் தின்னுக்கிட்டிருக்கேன். நாளைக்கு அந்த அம்மாமாரு வர்றாங்க. டாம்சினக் கணக்குத் தீத்து அனுப்பிருங்க."

"அவ என்னங்க தப்புப் பண்ணினா?"

"இருமறாளே! அவ இருமற ஒரே ஒரு இருமலைக் கேட்டாப் போதும், கதையில வர்ற கடை இதுதான்னு முடிவு கட்டிருவாங்க. அப்புறம் எனக்கு வேலை குடுக்கறவன் எவன்? இருபது பேரும் சேந்து தெருவுல நிக்கலாம்."

அவர் சொன்னதும் சரிதான். கெசையாவுக்கு யாரைத் திட்டுவதென்றே தெரியவில்லை. அவளே போய் டாம்சினிடம் சொன்னாள். டாம்சின் எலும்புக்கோலை இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியில் துடைத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் சீமாட்டிகள் வந்து, யாரும் இருமாததைப் பார்த்துத் திருப்தியாகத் திரும்பினார்கள்.

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் கடைக்கு ஒரு பொட்டலம் வந்தது. மேலே "மடிப்புக்கூடத்துப் பாலிக்கு" என்று எழுதியிருந்தது. உள்ளே சிவப்புக் கம்பளித்துணி ஒன்றும், நோயாளிகளுக்குத் தெம்புக்காகக் கொடுக்கும் கன்றுக்கால் ஜெல்லி ஒரு ஜாடியும். ஏதோ ஒரு நல்ல மனசு அனுப்பியிருந்தது. ஃபென்விக்கின் தாள் இன்னும் வரவில்லை, சாயங்காலம்தான் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். கெசையா பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு டாம்சின் குடியிருந்த சந்துக்குப் போனாள்.

டாம்சின் படுக்கையில் பாதி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கண்தான் மிச்சம் இருந்தது.

"என்னக்கா, மாசக் கடைசியில பட்டப்பகல்ல வந்து நிக்கற? இன்னும் தாள் வரலையா?"

வரவில்லை என்று சொல்லத்தான் கெசையா வாயைத் திறந்தாள். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"முந்தாநாளே வந்துருச்சுடி. மடிச்சு, தைச்சு, எல்லாம் முடிஞ்சுபோச்சு. நேத்து எல்லாரும் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போயாச்சு."

"ரெண்டு நாள் முன்னாடியே குடுத்துட்டாரா?"

"ஆமா. நாம போய்க் கேட்டதுக்காகத்தான்னு அச்சகத்து ஆளுங்களே சொன்னாங்க."

டாம்சின் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது. கெசையா கம்பளித்துணியை அவள் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டு, ஜெல்லியை ஒரு கரண்டி எடுத்து ஊட்டினாள்.

"அப்ப படிச்சிருப்பியே. பாலிக்கு என்னாச்சு அக்கா?"

கெசையா இதை எதிர்பார்க்கவில்லை. தாள் வந்துவிட்டது என்று சொன்ன வாய் தெரியாது என்று சொல்ல முடியாதே. பிறந்ததிலிருந்து ஒரு கதைகூடச் சொல்லியறியாதவள் அவள். அடுத்தவர் எழுதியதை மடிக்க மட்டுமே தெரியும்.

"பாலி ஊரை விட்டே போயிட்டா" என்று மெதுவாக ஆரம்பித்தாள். "மார்கேட் பக்கம், கடலோரத்துல. அவ அத்தை ஒருத்தி அங்க இருக்கா."

"அத்தையா? முன்னாடி வரவே இல்லையே."

"இந்த மாசம்தான் வர்றா. நல்ல குண்டு. வாய் கொஞ்சம் நீளம். காலையில முட்டை, சாயங்காலம் முட்டைன்னு பாலியப் போட்டுப் பாடாப் படுத்தறா."

"இருமல்?"

"கொறஞ்சிருக்கு. உப்புக்காத்து ஒத்துக்கிச்சு."

டாம்சின் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கெசையா அத்தைக்கு ஒரு நாய் கொடுத்தாள், பாலிக்கு ஒரு ஜன்னல் கொடுத்தாள், ஜன்னலுக்கு வெளியே படகுகள் விட்டாள். களைப்பில் அவளுக்குக் கைகால் ஓய்ந்திருந்தது, வாய் மட்டும் ஓயவில்லை.

"நல்ல மனுஷன் அக்கா அவரு" என்றாள் டாம்சின், தூங்கப் போகிற குரலில். "சொன்னாப் புரிஞ்சுக்குவாருன்னு நான் அப்பவே சொன்னேன்ல."

"சொன்னடி. நீதான் சொன்ன."

சாயங்காலம் தாள் வந்தது. கடைசித் தாளில் பாலி செத்துப்போயிருந்தாள், ஒரு கையில் எலும்புக்கோலைப் பிடித்தபடி, பனி பெய்யும் விடியற்காலையில். படிக்கப் படிக்கக் கெசையாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார். அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. எதிர் மேஜைப் பெண் எட்டிப் பார்த்து, "என்ன ஆச்சு மேஸ்திரியம்மா, பாலி போயிட்டாளா?" என்று கேட்டாள்.

"இல்ல, மார்கேட் போயிருக்கா" என்று சொல்லிவிட்டு, கெசையா அந்தப் பக்கத்தை உட்புறமாக வைத்து மடித்தாள். இன்னும் பன்னிரண்டாயிரம் பிரதி இருந்தது.