மாப்பிள்ளைக்கு ஏறிய ஐந்து கிலோ

"போதும்" என்ற சொல் அர்ஹத்தின் வாயில் வராது. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாளே ஹுஸ்னியா இதைக் கண்டுகொண்டாள். அவளுடைய உம்மா ஸாலிஹா கரண்டியோடு பக்கத்தில் வந்து நின்றால், தட்டின் மேல் கையை விரித்து மறைக்க வேண்டியவன், இருந்த கையையும் எடுத்துக்கொண்டு சிரிப்பான். இன்னொரு கரண்டி நெய்ச்சோறு விழும். அதன்மேல் இறைச்சி விழும்.

அவன்மேலும் பிழை சொல்ல முடியாது. எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். வந்த புதிதில் அவர் பாதி விருந்தாளி. போட்டதை வேண்டாம் என்றால் சாப்பாடு பிடிக்கவில்லை என்று ஆகும். சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் வீடு பிடிக்கவில்லை என்று ஆகும். அந்தக் கதை சாச்சி வீடு, பெரியும்மா வீடு எல்லாம் சுற்றி முடிவதற்குள் பெண்ணையே பிடிக்கவில்லை என்று வந்து நிற்கும். ஆகவே மாப்பிள்ளைமார் தின்பார்கள். வேறு வழியில்லை.

ஆனால் மற்ற மாப்பிள்ளைமார் கடை வைத்திருப்பவர்கள், வயல் பார்ப்பவர்கள். அர்ஹத்துக்குத் தொழிலே ஓடுவதுதான். சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்து, தீவின் முதற்பிரிவில் ஆடிக்கொண்டிருந்த 'ஈஸ்ட் வேவ்ஸ்' உதைபந்தாட்டக் கழகத்தின் நடுத்தடுப்பு வீரன் அவன். பருவத்தின் நாலாவது ஆட்டத்தில் பின்தொடைத் தசை கிழிந்தது. எட்டு வாரம் ஆடக்கூடாது என்றார் டொக்டர். இதைக் கேட்டதும் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடிக் கதைத்து எடுத்த முடிவு, சும்மாதானே இருக்கிறார், கல்யாணத்தை முடித்துவிடுவோம் என்பது. காயம்பட்ட ஆளை ஓய்வெடுக்கச் சொன்னால் எங்கள் ஆட்கள் அவருக்குப் பந்தல் போடுவார்கள்.

இங்கே விருந்து நடக்க, அங்கே கழகம் சரிந்தது. ஒருவன் விழுந்தால் அவன் ஓட்டத்தையும் சேர்த்து மற்றவன் ஓட வேண்டும். களைத்த காலோடு ஓடினால் அவனும் விழுவான். கப்டனுக்கு முழங்கால் போனது. கோல் காப்பாளருக்கு விரல் முறிந்தது. பாண்டிருப்பிலிருந்து வருகிற வினோஜ், முன்வரிசையில் ஆடுகிறவன், கணுக்காலில் பட்டி சுற்றிக்கொண்டு நொண்டினான். கொழும்புக்கு ஒன்பது மணித்தியாலம் பஸ்ஸில் போய் இறங்கி அடுத்த நாளே ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில், சாய்ந்தமருதில். அதில் சமநிலையாவது எடுக்க வேண்டும். தோற்றால் கீழ்ப்பிரிவு, ஒப்பந்தங்கள் எல்லாம் முடிந்துவிடும்.

ஒப்பந்தம் முடிந்தால் என்ன நடக்கும் என்பது ஹுஸ்னியாவுக்குத் தெரியும். அலுமாரியில் அவளுடைய கல்யாணச் சேலைக்குக் கீழே ஒரு கடித உறை இருந்தது. கட்டாரில் வேலை செய்கிற அர்ஹத்தின் காக்கா, அவனுடைய அண்ணன், அனுப்பிய விசாக் கடிதம். சேலையை மடித்து வைக்கும்போது கண்டாள். அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லாமல் அவன் சிரிப்பான் என்று பயந்தாள்.

கடைசி ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது றவூப் வீட்டுக்கு வந்தார். கழகத்தில் ஆட்களின் உடம்பைப் பார்ப்பவர் அவர்தான். முப்பத்தைந்து வயது, ஒட்டடைக்கம்பு மாதிரி ஆள். அன்று காலை அர்ஹத்தைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தவர். ஐந்து கிலோ கூடியிருந்தது. தசை இப்போதுதான் ஒட்டியிருக்கிறது, அதன்மேல் ஐந்து கிலோவை ஏற்றி ஓடவிட்டால் திரும்பவும் கிழியும் என்று மாமியாரிடம் நேரில் சொல்லிவிடுவதாகச் சபதம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"ராத்தா, ஒரு விஷயம் கதைக்கணும்" என்று ஸாலிஹாவிடம் ஆரம்பித்தார்.

"கதைப்பம் தம்பி. மொதல்ல இருங்க. இப்பிடி மெலிஞ்சி கிடக்கீங்க, ஊட்டில ஒண்டும் ஆக்குறல்லயா?"

அரை மணித்தியாலம் கழித்து றவூப் எழும்பியபோது ஒரு தட்டு புரியாணியும் இரண்டு துண்டு வட்டிலப்பமும் உள்ளே போயிருந்தன. விஷயம் அவருடைய சேர்ட் பையிலேயே இருந்தது. வாசலில் செருப்பு மாட்டும்போது அதை எடுத்து ஹுஸ்னியாவின் கையில் திணித்தார். என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று எழுதிய தாள்.

"என்னால ஏலாது தங்கச்சி" என்றார், வெட்கத்தோடு. "நீங்கதான் சொல்லணும்."

ஹுஸ்னியாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தாளோடு குசினிக்குப் போனாள். உம்மா இரவுக்குக் கோழி கழுவிக்கொண்டிருந்தார்.

"உம்மா, அவருக்கு இனி இப்பிடிப் போட வேணாம்."

ஸாலிஹா திரும்பவில்லை. "ஏன்? என்ட கறி கூடாதாமா? அவர் சொன்னாரா?"

"அவர் சொல்லமாட்டார். அதான் பிரச்சின. நாலாவது மெச்சில கால் இழுக்கக்குள்ளயும் கோச் கேட்டிரிக்காரு, ஏலுமா எண்டு. இவரு ஓம் எண்டு தலையாட்டி நிண்டு ஆடித்தான் கிழிஞ்ச. யாருக்கும் இல்ல எண்டு சொல்லத் தெரியா இவருக்கு."

"அதுக்கு நான் என்ன செய்யிற?"

"தோத்தா கட்டாருக்குப் போயிருவார் உம்மா. விசா வந்து கிடக்கி. அலுமாரிக்குள்ள."

கோழியின்மேல் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் அப்படியே ஓடியது. ஹுஸ்னியாவின் வாப்பாவும் கட்டாரில்தான். அவள் பிறந்த வருஷம் போனவர், பத்தொன்பது வருஷமாக லீவில் வந்து லீவில் போகிறார். அந்த நாட்டின் பெயர் அந்த வீட்டில் அவரைப் பற்றிய பேச்சில் மட்டும்தான் வரும். ஸாலிஹா குழாயைப் பூட்டினார். ஈரத்தை முந்தானையில் துடைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"அந்தத் தாளைத் தா."

அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஸாலிஹா குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். மாப்பிள்ளைக்கு விருந்து சொல்லியிருந்த ஒன்பது வீடுகளுக்கும் போனார். விருந்தை நிற்பாட்டச் சொல்லவில்லை. அது நடக்காத காரியம் என்று அவருக்குத் தெரியும். தாளைக் காட்டினார். அதன் பிறகு மூன்று வாரம் சாய்ந்தமருதில் நடந்தது வேறெங்கும் நடந்திருக்காது. யார் எண்ணெய் இல்லாமல் கோழி நெஞ்சை மெதுவாக அவிக்கிறார்கள் என்று சாச்சிமாருக்குள் போட்டி வந்தது. பெரியும்மா முட்டையின் வெள்ளையை மட்டும் வைத்து ஒரு தட்டு அலங்கரித்திருந்தார். வாட்டிய பாரை மீன், ஒரு அகப்பை சிவப்பரிசிச் சோறு, கங்குன் கீரைச் சுண்டல். அர்ஹம் எதையும் மறுக்காமல் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரை மணலில் றவூப் விசில் ஊத ஊத ஓடினான். நாலு கிலோ இறங்கியது. ஒரு கிலோ, அது கல்யாணக் கிலோ, இருக்கட்டும் என்றார் றவூப்.

"அறுபது நிமிசம்தான்" என்றும் சொன்னார். "அதுக்கு மேல உன்ட தொடைதான் சொல்லணும். நீ பொய் சொல்லாம இரி."

ஆட்டத்தன்று மைதானத்தை ஒட்டியிருந்த சாச்சி வீட்டு மாடியில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். ஹுஸ்னியா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் உம்மா. முப்பதாவது நிமிடத்தில் வினோஜ், பட்டி சுற்றிய காலாலேயே, ஒரு கோல் போட்டான். எதிரே ஆடிய கொழும்பு அணி அதன் பிறகு மழை மாதிரி வந்து விழுந்தது. அர்ஹம் தலையால் தள்ளினான், காலால் வெட்டினான், தரையோடு சறுக்கி எடுத்தான். தன் புருசன் இவ்வளவு சத்தம் போடுவான் என்று ஹுஸ்னியாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

அறுபத்தாறாவது நிமிடத்தில் ஒருவனைத் துரத்திப் பந்தை வெளியே தட்டிவிட்டு நின்றான். கை பின்தொடைக்குப் போனது.

மைதானம் முழுக்க "நில்லு, வெளிய போகாம நில்லு" என்று கத்தியது. கப்டன் ஊன்றுகோலோடு எழும்பி நின்று கத்தினார். கோட்டருகில் றவூப் இரண்டு கையையும் விரித்து, ஏலுமா என்று கேட்டார். ஹுஸ்னியா கண்ணை மூடிக்கொண்டாள். அவன் தலையாட்டுவான். ஊரே கேட்கும்போது அவன் எப்படித் தலையாட்டாமல் இருப்பான்?

உம்மா அவள் தோளைத் தொட்டார். "பாரு."

அர்ஹம் கையை உயர்த்தி, மணிக்கட்டைச் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். ஆளை மாற்றச் சொல்கிறான். பிறகு ஏச்சுக்கும் கூச்சலுக்கும் நடுவே, தலையைக் குனியாமல் நடந்து வெளியே வந்தான். அவனுக்குப் பதிலாக நஸீம் என்ற மாற்று வீரன் உள்ளே ஓடினான். எண்பதாவது நிமிடத்தில் கொழும்பு ஒன்று அடித்தது. அப்புறமுள்ள பத்து நிமிடத்தில் மாடியில் யாரும் மூச்சு விட்டதாக ஹுஸ்னியாவுக்கு நினைவில்லை. விசில் ஊதியபோது ஒன்றுக்கு ஒன்று. ஈஸ்ட் வேவ்ஸ் மேலேயே நின்றது. றவூப் அர்ஹத்தின் தொடையை அழுத்திப் பார்த்தார். கிழியவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் வருகிற பருவமும் போயிருக்கும் என்றார்.

அன்று இரவு மஃரிபு தொழுகைக்குப் பிறகு ஸாலிஹா மூன்று வாரக் கோபத்தையும் சேர்த்து நெய்ச்சோறு ஆக்கினார். அர்ஹம் ஒரு தட்டு ஆசையோடு சாப்பிட்டான். பழக்கதோசத்தில் அவர் கரண்டியோடு பக்கத்தில் வந்தார். அர்ஹம் தட்டின் மேல் கையை விரித்தான்.

"போதும் மாமி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே விளங்கியது. ஹுஸ்னியா உம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து, பிறகு பார்த்தாள். ஸாலிஹா கரண்டியோடு நின்றபடியே நின்றார். அவருடைய கண் நிறைந்திருந்தது.

"ஒங்கட மாமா இண்டைக்கு வரைக்கும் இந்த ஊட்டில போதும் எண்டு சொன்னதில்ல, மகன்" என்றார். "லீவில வருவாரு. போட்டதெல்லாம் தின்பாரு. விருந்தாளி மாதிரியே போயிருவாரு."

கரண்டியைச் சட்டிக்குள் போட்டார். பிறகு தனக்கும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து, மருமகனுக்கு எதிரே உட்கார்ந்தார். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டது அன்றுதான்.