மூலப்பொருள் என்று எழுதிய கடிதம்

பாசி என்றால் பச்சையாக, குளுகுளுவென்று இருக்கும் என்று நினைப்பவர்கள் ஜெசிந்தாவின் வாளிக்குள் ஒருமுறை எட்டிப்பார்க்க வேண்டும். செத்த மீனும் சோப்பு நுரையும் கலந்து, மூக்குச்சளி மாதிரி ஒரு வழவழப்பு. கூட்டேரிப்பட்டுப் பக்கம் இருக்கும் தன் ஊர் ஏரியில் அள்ளி, திண்டிவனம் பஸ்ஸில் கொண்டுபோவாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து ஓடுவார்கள். கருமம், அவளுக்கே குமட்டும்.

அந்தப் பாசியைக் கல்லூரி ஆய்வகத்தில் காயவைத்து, கம்பித் தொழிற்சாலை கழித்துப்போடும் துருச்சேற்றோடு சேர்த்து உலையில் கருக்கினால் ஒரு கறுப்புத் தூள் கிடைக்கும். சாயத்தண்ணீரைத் தெளியவைக்கும் வினையூக்கி அது. மூன்று வருட உழைப்பு, அவளுடைய டாக்டர் பட்டமே அதில்தான் இருந்தது.

தொழிற்சாலை மேனேஜர் நடராசன் ஒரு டப்பா சேற்றைச் சும்மாவே கொடுத்தார். பதிலுக்கு ஒரு கடிதம் மட்டும் கேட்டார்: 'இது கழிவு அல்ல, எங்கள் ஆய்வுக்கான மூலப்பொருள்.' எவ்வளவு வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதாமல், கல்லூரித் தாளில் அடித்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள் மகராசி. படித்த பெண் செய்கிற வேலையா இது!

ஐப்பசியில் சித்தி அம்சா போன் செய்தாள். "ஏ ஜெசி, உன் சரக்கு மூணு நாளா வந்து எறங்கிக்கினே கீது. ஜல்தி வா."

ஏரிக்கரையில் நாற்பது லாரிச் சேறு குவிந்து கிடந்தது. மழையில் கரைந்து, சீழ் வடிகிற மாதிரி தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் லேமினேட் செய்த காகிதத்தை நீட்டினார். அதில் அவள் கையெழுத்து.

"கழிவுன்னா கொட்ட வுட்டிருப்பமா? நீ எழுதிக் குடுத்தன்னுதான் ஊரே வாய மூடிக்கினு இருந்துச்சி," என்றாள் அம்சா. "மாடு இந்தத் தண்ணியக் குடிச்சிட்டு நொர தள்ளுதுடி."

நடராசனுக்குப் போன் போட்டாள். "வருஷத்துக்கு எனக்கு வேணுங்கிறதே ரெண்டு கிலோதான் சார்!"

"நாளைக்குப் பெருசா பண்ணுவீங்கல்ல மேடம்? நீங்க பாசி அள்ளுற ஏரிகிட்டயே ஸ்டாக்கு இருக்கட்டும்," என்று சிரித்தார்.

சீ! அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, சேற்றைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அருவருப்பு வந்தது.

"அடுத்த மாசம் வைவா. பட்டத்த வாங்கிட்டு அப்புறமா சண்டை போடும்மா," என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். அதுவரைக்கும் ஏரி இருக்குமா?

மறுநாளே விழுப்புரத்தில் இருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி குமரேசன் அவளுடைய புதுக் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இது கழிவுதான்னு இப்ப எழுதிக் குடுக்கறீங்க. அப்ப பர்மிஷன் இல்லாம இத காலேஜுக்கு எடுத்துக்கினு போனது யாரு? அதுவும் கேஸுதாங்க. ஆராய்ச்சி, பட்டம் எல்லாம் போயிடும். நல்லா யோசிச்சிட்டு வாங்க."

"யோசிச்சிட்டுத்தான் சார் வந்தேன். எடுத்துக்கினு போனது நான்தான். அதையும் சேத்து எழுதிக்குங்க. லாரிய மட்டும் இன்னிக்கே நிறுத்துங்க."

குமரேசன் ஒரு வெள்ளைத்தாளை இழுத்து, கேஸில் முதல் ஆளாக அவள் பெயரை எழுதினார்.