கோழித் தராசில் ஏறிய குழந்தை

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்காரரைக் கம்ப்யூட்டர் மாமா என்போம். அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் நான் சொன்ன நாற்பது பேருக்கும். அவர் வேலை பார்த்த கம்பெனி ஒரு காலத்தில் பீரோ பீரோவாகக் கம்ப்யூட்டர் செய்தது. விற்பனை படுத்ததும் முடி உலர்த்தும் மெஷின், சுவர்க் கடிகாரம், கோழிப்பண்ணைத் தராசு என்று கண்டதையும் செய்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தியது. மாமா இருந்தது தராசுப் பிரிவில். "எங்க தராசு இருக்கே..." என்று அவர் ஆரம்பித்தாலே, என்னை வாசலில் யாரோ கூப்பிடுவதுபோல் இருக்கும்.

கீழ்வீட்டுத் தையல்காரிக்குக் குறைமாதத்தில் பெண் பிறந்திருந்தாள். மூன்று வாரம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஐந்து நாள். நர்ஸ் கறார். வியாழக்கிழமை நாலு மணிக்குப் போனில் எடை சொல்ல வேண்டும். இரண்டு கிலோ வரவில்லையென்றால் மறுபடியும் பெட்டிதான்.

தையல்காரி மளிகைக்கடையில் தராசு இரவல் வாங்கினாள். குழந்தை உதைத்த உதையில் அது ஆயிரத்து எண்ணூறு என்றது, இரண்டாயிரத்து நூறு என்றது, கடைசியில் கிறுகிறுத்துப் போனது.

"எதைக்கா சொல்றது?"

"பெருசைச் சொல்லிடு."

"பொய் சொல்லி, புள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா?"

மாடியைப் பார்த்து நானாகவே மாமாவைக் கூப்பிட்டேன். அபூர்வம்தான்.

மாடிப்படியில் ஒரே மூச்சிரைப்பு. மாமா தன் கம்பெனிக் கோழித் தராசைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"கோழி மட்டும் சும்மாவா நிக்கும்? இது உள்ளுக்குள்ளயே நூறு தடவை எடைபோட்டு, சராசரியத்தான் காட்டும். கம்ப்யூட்டர் செஞ்ச ஆளுங்கம்மா!"

"முட்டையும் எண்ணுமா மாமா?" என்றேன்.

"வாயை நிறுக்க ஒண்ணு செஞ்சிருந்தா, மொதல்ல உனக்குத்தான் வித்திருப்பேன்."

முதலில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துச் சரிபார்த்தார். பிறகு துணி விரித்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, குழந்தையைக் கிடத்தினார். அவள் சைக்கிள் மிதித்தாள். திரை இருண்டே கிடந்தது. பிறகு எண் பச்சையாக எரிந்தது: 2035 கிராம். மூன்று தடவை வைத்தும் அதேதான். நர்ஸ் போனிலேயே சிரித்தாள்.

குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து தையல்காரி மாமாவைக் கும்பிட்டாள். அவர் பின்வாங்கினார். "நான் ஸ்க்ரூ முடுக்கினவன்மா. கம்பெனியில இதுக்குக் கணக்கு போட்டது எங்க மேடம்." அவரே மேடத்தின் நம்பரைச் சுழற்றிப் போனை அவள் கையில் கொடுத்தார். 2035 வந்த விவரம் கேட்டதும் மறுமுனையில் ஒரு வயதான குரல்:

"குழந்தை உதைச்சுதா?"

"நல்லா உதைச்சா, மேடம். நீங்க நல்லா இருக்கணும்."

"எண் ஆடாம நின்னுதா?"

"நின்னுச்சு."

மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது; போனோடு என் காதும் ஒட்டிக்கொண்டிருந்ததே.

"இன்னொரு வாட்டி வெச்சு, எண்ணை வாசியேம்மா."

தையல்காரி வாசித்தாள். "ரெண்டாயிரத்து எழுபது."

"முப்பத்தஞ்சு கூடியிருக்கே. இப்பதான் பால் குடிச்சாளா?" என்றது குரல்.