குளியல்கூடத்தின் மேற்கு மூலை

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் சாலையில் ஒரு ஜமீன் வீடு. அதன் முற்றத்துக்கு அடியில் சுல்தான்கள் காலத்துக் குளியல்கூடம் ஒன்று கிடந்தது. மூன்று அறைகள், வளைந்த கூரை, வெளிச்சம் விழ நட்சத்திர வடிவில் துளைகள். பின்னால் வந்த ஜமீன்தார் அதன் தலைமேலேயே வீட்டைக் கட்டி, துளைகள் வழியாகக் கம்பைக் கொட்டிக் களஞ்சியமாக்கிக்கொண்டார். ஜமீன் ஒழிந்தபிறகு அரசாங்கம் கம்புத் தூசியைக் கூட்டித் தள்ளிவிட்டு, அருங்காட்சியகம் என்று பலகை மாட்டியது.

காளிராஜ் அங்கே பதினோரு வருஷமாகக் காவலாளி. பதினோரு வருஷமும் தற்காலிகம்தான்.

"குடிக்கத் தண்ணியக் காணோம். எவனோ குளிச்ச எடத்தப் பூட்டி வச்சுக் காவக் காக்கான் பாரு" என்று பஸ்ஸுக்கு நிற்பவர்கள் சிரிப்பார்கள்.  அது 1975. மழை பொய்த்து மூன்றாவது வருஷம்.

மதுரையிலிருந்து அதிகாரி தனுஷ்கோடியின் கடிதம் வந்தது. வியாழக்கிழமை பார்வையிட வருகிறார். இடம் சுத்தமாக இருக்க வேண்டும். காளிராஜின் நிரந்தர வேலை பற்றியும் அன்றே முடிவாகும்.

பெரிய மனிதர் வருகிறார் என்றால் வெள்ளையடிக்காமல் எப்படி? காளிராஜும் மனைவி சங்கரம்மாளும் கைக்காசில் சுண்ணாம்பு வாங்கி, பெரிய அறையைப் புதன்கிழமை முழுக்க அடித்தார்கள். சுவரில் இடுப்பு உயரத்தில் மங்கலாக ஒரு சிவப்புக் கோடு ஓடியது. யாரோ எப்போதோ இழுத்த காவிப் பட்டை என்று நினைத்தார் காளிராஜ். அதை வெள்ளையால் மறைத்து, தரையோரமாகப் புதுக் காவி பளிச்சென்று இழுத்துவிட்டார்.

தனுஷ்கோடி வந்தார். அறை நடுவில் நின்றார். சுவரைச் சுற்றிலும் பார்த்தார். நல்ல வார்த்தை ஒன்று வரும் என்று காளிராஜ் காத்திருந்தார்.

"இங்க ஒரு சிவப்புக் கோடு இருந்துச்சே?"

"ஆமாங்கய்யா. மங்கிப்போயிருந்துச்சு. கீழ புதுசா இழுத்துட்டேன்."

தனுஷ்கோடி கல்மேடையில் உட்கார்ந்துவிட்டார். "அது அறுநூறு வருஷத்துக் கோடு, காளிராஜ்."

பதினோரு வருஷத்தில் இதை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"சுண்ணாம்பை எடுக்கத் திங்கக்கிழமை கெமிஸ்டைக் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் சுண்ணாம்பு காயக்கூடாது, காஞ்சா இறுகிடும். நல்ல தண்ணியில துணிய நனைச்சு ஒத்திக்கிட்டே இருங்க. கோடு முழுசா வந்துட்டா நான் மேலிடத்துக்கு எதையும் எழுதல. உங்க வேலையும் நிரந்தரமாயிடும். வரலைன்னா எழுதித்தான் ஆகணும்."

தண்ணீர் லாரியில் வந்தது. வீட்டுக்குத் தினம் நாலு குடம். மூன்றைச் சங்கரம்மாள் சுவருக்குக் கொடுத்தாள். ஒத்த ஒத்த நீர் வழிந்து தரையில் சேர்ந்து, தானே வழி கண்டுபிடித்து, பழைய கல்வாய்க்காலில் இறங்கிப் போனது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செவுத்தக் குளிப்பாட்டுறோம். நான் தலைக்கு ஊத்திப் பத்து நாளாச்சு."

அவர் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை லாரி வரவில்லை. மத்தியானத்துக்குள் மேற்கு மூலை காய்ந்து வெளுக்கத் தொடங்கியது. காளிராஜ் வீட்டுக்கு ஓடினார். அடுப்படியில் அரைக்குடம் இருந்தது.

"எடுத்துக்கிடுங்க" என்றாள் சங்கரம்மாள். "நாக்கு வறண்டு செத்தேன்னா அந்தக் கோட்டுக்குக் கீழயே பொதைச்சிருங்க. பாக்க வாரவுக என்னையும் பாத்துட்டுப் போகட்டும்."

சிரிப்பாள் என்று பார்த்தார். அவள் உதடு வெடித்திருந்தது. குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓட்டு நிழல் வாசலைத் தாண்டும்வரை அங்கேயே இருந்தார். பிறகு ஒரு செம்பு மோந்து அவளிடம் நீட்டினார். அவள் குடித்தபின் தானும் குடித்தார். "சோத்துக்கு ஒலைய வையி" என்றார். அன்றைக்கு அவர் குளியல்கூடத்துக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை கெமிஸ்ட் பஞ்சால் துடைக்கத் துடைக்க, வெள்ளை கழன்று கோடு அறையைச் சுற்றி வந்தது. மேற்கு மூலையில் ஒரு கை நீளத்துக்கு மட்டும் வரவில்லை.

"இது எப்படிக் காஞ்சது?"

"தண்ணி இல்லங்கய்யா."

தனுஷ்கோடி அந்த இடத்தைக் கையால் அளந்தார். பிறகு எழுதினார். வேலை போகவில்லை, நிரந்தரமும் ஆகவில்லை.

மறுவருஷம் திருச்சுழிக் கோயிலுக்கு வந்த அருப்புக்கோட்டைக் கடைக்காரர் ஒருவர் படியிறங்கி வந்து சுற்றிப் பார்த்தார். மேற்கு மூலையில் நின்றார்.

"எல்லாம் பழசா இருக்கு, இது மட்டும் வெள்ளையா இருக்கே. இது எந்தக் காலத்து வேலைங்க?"

காளிராஜ் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எழுபத்தஞ்சு" என்றார். "மழை பெய்யாத வருசம்."