எழுப்பிவிடுகிறவன்

அதிகாலை சுபுஹு தொழுகைக்கு எழுகிறவன் என்பதால் விடுதியில் எனக்கு ஒரு வேலை தானாக வந்து சேர்ந்தது. விடிய விடிய ரீல்ஸ் பார்க்கிற புண்ணியவான்கள் அத்தனை பேரும் காலையில் எழுப்பிவிடச் சொல்லி என்னிடம்தான் சொல்லிவைப்பார்கள்.

அதில் முதல் ஆள் என் அறைத்தோழன் ரித்விக். மேட்டுப்பாளையம் ரோட்டில் மில் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. இறுதியாண்டு புராஜெக்டில் நாங்கள் இருவரும் ஒரே அணி; பாதி எனக்கு, பாதி அவனுக்கு.

“ரைஹான், தொழுகப் போறப்ப எழுப்பி உட்ருடா. காத்தால ஒக்காந்தா ஒரே மூச்சுல முடிச்சுப்போடுவேன்.”

செமஸ்டர் முழுக்க எழுப்பினேன். மில் வீட்டுத் துரை ஒரு நாளும் எழவில்லை. நான் பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்பும்போதும் அவன் நெஞ்சின் மேல் கிடக்கும் போனில் யாரோ ஆடிக்கொண்டேயிருப்பார்கள்.

வைவாவுக்கு முந்தின இரவும் அவன் பாதியில் ஒரு வரிகூட இல்லை. “காத்தால பாத்துக்கலாம்டா” என்று போனோடு போர்வைக்குள் புகுந்துகொண்டான். ஒரு பாதி இல்லாவிட்டால் புராஜெக்டையே வாங்கமாட்டார்கள். அந்த மதிப்பெண்ணை நம்பித்தான் நான் மேல்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். அவனைத் திட்டிக்கொண்டே, கண் எரிய எரிய, அவன் பாதியையும் நானே எழுதினேன். முடிக்கும்போது பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. பழக்கதோஷம், அவனை உலுக்கினேன்.

“எதுக்குடா எழுப்பற? அதான் நீயே முடிச்சுட்டியே” என்று திரும்பிப் படுத்தான்.

நன்றாகத் தூங்கி எழுந்து, நான் எழுதியதை ஒருமுறை படித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். வைவாவில் வெளுத்து வாங்கினான். பிறகு என் முறை. நானே மாதக்கணக்கில் உழைத்த பாதியில் சாதாரணக் கேள்விதான் கேட்டார்கள். வாயைத் திறந்தேன், ஒரு வார்த்தை வரவில்லை. கண் சொருகியது.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் லட்சுமணசாமி கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏனுங்க தம்பி, கண்ணெல்லாம் இப்படிச் செவந்து கெடக்குது? ராத்திரி பூரா போனுங்களா? வேலைய அன்னன்னைக்கு முடிச்சுப்போட்டு நேரத்துல தூங்கோணுமுங்க. பக்கத்துல இந்தத் தம்பியப் பாருங்க, எத்தனை தெளிவா இருக்கறாரு.”

அவன் பாதியையும் நான்தான் எழுதினேன் என்று ரித்விக் ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று அவன் பக்கம் திரும்பினேன். தலையைக் குனிந்திருந்தான். வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன்.

மேசைக்கடியில் போன் பார்த்துக்கொண்டிருந்தான்.